கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



என்னை ஒரு வைத்தியராகப் பேசும்படிதான் சங்கத்தினர் கேட்டார்கள். ஆனால் இன்று நான் நோயாளியாகப் பேச விரும்புகிறேன். நாலு வருடங்களுக்கு முன் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இலங்கைப் பெண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் அதுதான். இந்த மண்டபத்திலும் அதைக் கடந்து வந்தவர்கள் இருப்பீர்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து முதல் கிளினிக். வெளியில் வாங்கு நிறையச் சனம். என் கட்டி ஹோர்மோனால் வளருகிற வகையா என்று சொல்லும் அறிக்கை கோப்பில் இருக்கவில்லை. அது இல்லாமல், ஐந்து வருடமோ அதற்கு மேலோ எடுக்கவேண்டிய ஹோர்மோன் மாத்திரை எனக்குத் தேவையா என்று தீர்மானிக்க முடியாது. வைத்தியரான எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. 'இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள், பாவம் அந்த டொக்டர்' என்று எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கிளினிக்கில் என் பக்கத்தில் இருந்தவர் படுவான்கரை அம்மா ஒருவர். அம்பிளாந்துறையில் பாதை ஏறி, வாவியைக் கடந்து, குருக்கள்மடத்தில் பஸ் பிடித்து வந்தவர். ஒரு சொப்பிங் பேக்குக்குள் எல்லாத் துண்டுகளையும் திகதிப்படி அடுக்கி வைத்திருந்தார். உள்ளே போனதும் அவர் கேட்டது எனக்கும் கேட்டது: "டொக்டர், என்ட மற்ற றிப்போட் இன்னும் வரல்லியா? அது வராம என்ன மருந்து எண்டு எப்படித் தெரியும்?" டொக்டர் கோபிக்கவில்லை. ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அறிக்கை அங்கே வந்து கிடந்தது. நானும் உள்ளே போய் அதே கேள்வியைக் கேட்டேன். என்னுடையதும் அங்கேதான் கிடந்தது.

படித்த நான் ஏன் முதலில் கேட்கவில்லை? நல்ல பிள்ளை என்றால் பேசாமல் இருப்பவள் என்று எங்கேயோ பழகிவிட்டேன். இந்தப் பாடசாலை அப்படிப் பழக்கவில்லை. விளங்காவிட்டால் கையை உயர்த்து என்றுதான் எங்கள் ஆசிரியைகள் சொன்னார்கள்.

ஒரு பெண் கேட்ட கேள்வி மருத்துவத்தையே மாற்றியதும் உண்டு. 1974இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் றோஸ் குஷ்னருக்கு மார்பில் கட்டி தெரிந்தது. அக்காலத்தில் பெண்ணை மயக்கிவிட்டுத் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றால் அதே மயக்கத்திலேயே மார்பை அகற்றிவிடுவார்கள். கண் விழித்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். முதலில் பரிசோதனை, பிறகு நானும் சேர்ந்து முடிவெடுப்பேன் என்று குஷ்னர் பிடிவாதமாக நின்றார். பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் மறுத்தார்கள். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அந்த இரண்டு படிமுறையையே பரிந்துரைத்தது.

நாம் அவ்வளவு பெரிய போராட்டம் நடத்தத் தேவையில்லை. சில பழக்கங்கள் போதும்.

ஒரு கொப்பி வைத்திருங்கள். கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை வீட்டிலேயே எழுதுங்கள். எனக்கு வந்திருப்பது எந்த வகை, எந்த நிலை? இந்தச் சிகிச்சை எதற்காக? வேறு வழி உண்டா? ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு போட்டோப் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். கூட ஒருவரைக் கொண்டுபோங்கள். பயத்தில் நம் காதில் பாதிதான் விழும்.

தெற்கே சிகிச்சைக்குப் போனால், தமிழில் விளக்கும்படி கேளுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. விளங்காத சம்மதப் படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள்.

கீமோ எடுக்கும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கவேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமி சில மணித்தியாலங்களில் உயிரைக் கொண்டுபோகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நிற்காமல், "நான் கீமோ எடுக்கிற ஆள், காய்ச்சல் அடிக்குது" என்று முதலில் கண்ட நேர்ஸிடம் சொல்லுங்கள். அட்டையைக் காட்டுங்கள். அந்த நேரத்தில் வெட்கப்படக்கூடாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். "அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் டொக்டர்" என்று மகன் கேட்டால், நானும் நடைபாதையில் வைத்து அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். உள்ளே கட்டிலில் இருந்தவர் எல்லாவற்றையும் எங்கள் முகத்திலேயே வாசித்திருப்பார் என்பது, நான் அந்தக் கட்டிலில் படுத்த பிறகுதான் விளங்கியது. இப்போது முதலில் நோயாளியிடமே கேட்கிறேன்: "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புறீங்க?"

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் தோழிகளே, ஊருக்கு அழைக்கும்போது "சாப்பிட்டீங்களா அம்மா" என்பதோடு இதையும் கேளுங்கள்: "அடுத்த கிளினிக்கில என்ன கேட்கப் போறீங்க?" அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

அந்தப் படுவான்கரை அம்மா இன்றும் கிளினிக்குக்கு வருகிறார். நானும் போகிறேன். இருவரும் மாத்திரை எடுக்கிறோம். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எனக்குப் பாடம் சொல்லித்தந்தவர்களின் வரிசையில், இங்கே அமர்ந்திருக்கும் என் ஆசிரியைகளுக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு கதிரை உண்டு.