புதிய மூட்டும் பழைய வீடும்



யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே, பழைய நாற்சார் வீடொன்றின் வாயிலில் வாகனம் ஒன்று வந்து நிற்பதாக நினைத்துக்கொள்வோம். எழுபத்திரண்டு வயதுத் தாயார் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். ஆறு நாட்களுக்கு முன் அவருடைய வலப்பக்க இடுப்பு மூட்டை அகற்றிவிட்டு, வைத்தியர்கள் செயற்கை மூட்டொன்றைப் பொருத்தினர். சத்திரசிகிச்சைக்கு மறுநாளே அவரை எழுந்து நிற்கச் செய்தனர். மூன்றாம் நாள், வோக்கர் என்று சொல்லப்படும் நாற்காற் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவர் தாமாகவே நடந்தார். இப்பொழுது வீட்டு வாயிலிலே மகளும் மருமகளும் ஓடிவந்து இருபுறமும் தாங்கிக்கொள்கின்றனர். கட்டிலில் புதிய விரிப்பு விரித்தாயிற்று. "நீங்கள் அசையாதேயுங்கோ அம்மா, வேண்டியதை நாங்கள் எடுத்துத் தாறம்" என்கிறாள் மகள். தாயாரும் மனம் நெகிழ்ந்து கட்டிலிற் சாய்கிறார். அன்றோடு அவருடைய நடையும் நின்றுவிடுகிறது.

இந்த அன்பைக் குறைகூற எவருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் இதனைச் சொல்லாமல் விடுவதும் தகாது. ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய நடையை, அன்பின் மிகுதியால் வீடு பறித்துக்கொள்வது நம்மிடையே அரிதன்று. மூட்டைப் பொருத்துவது சத்திரவைத்தியரின் வேலை. ஒன்று இரண்டு மணி நேரத்தில் அது முடிந்துவிடும். அந்த மூட்டைக் கொண்டு நடப்பதோ முதியவரின் வேலை. அதற்கு மாதக்கணக்கு வேண்டும். அந்த வேலையை அவருக்காக வேறொருவர் செய்துவிட முடியாது.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதனுள்ளே சுழலும் ஒரு பந்தும் ஆகும். கூபக எலும்பிலே கிண்ணம். தொடையெலும்பின் உச்சியிலே பந்து. இரண்டின் மீதும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். வயது ஏற ஏற இது சிலருக்குத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உராயத் தொடங்குகிறது. படியேறவும், கால் கழுவக் குனியவும், இரவிலே புரண்டு படுக்கவும் முடியாத நோவு உண்டாகிறது. வேறு சிலர் கிணற்றடியிலோ குளியலறையிலோ வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்தை முறித்துக்கொள்கின்றனர். ஒரு காலத்தில் இவ்விரு வகையினருக்கும் எஞ்சியது கட்டில் ஒன்றே. "இடுப்பு முறிந்து கிடையாய்க் கிடந்தார்" என்ற பேச்சு நம் ஊர்களில் எத்துணை சாதாரணமாய் இருந்தது என்பதை மூத்தோர் அறிவர்.

அந்த நிலைமையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேயரான ஜோன் சார்ண்லி. லங்காஷயரிலே, முன்னர் காசநோயாளருக்கென அமைந்திருந்த றைற்றிங்ரன் ஆஸ்பத்திரியில் அவர் தம் ஆராய்ச்சியை நடத்தினார். அவருடைய சிந்தனையைத் தூண்டியது ஒரு வேடிக்கையான முறைப்பாடு. பிளாஸ்ரிக்கினாலான எலும்புத் தலை பொருத்தப்பட்ட ஒருவர், தாம் முன்னே சாயுந்தோறும் இடுப்பிலிருந்து கிரீச்சென்று ஒலி எழுகிறது என்றும், அதனைப் பொறுக்கமாட்டாமல் மனைவி எழுந்து போய்விடுகிறார் என்றும் சொல்லி வந்தார். உராய்வே பகை என்று சார்ண்லி கண்டார். உருக்கினாற் சிறு பந்தும் ரெப்லோனினாற் கிண்ணமும் செய்து, நூற்றுக்கணக்கானோருக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளுக்குள் ரெப்லோன் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள தசையைக் கெடுத்தன. அவர் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. நோயாளரை மீண்டும் அழைத்துத் தாமே திருத்தினார். ரெப்லோன் துண்டைத் தமது தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்துப் பார்த்தார். 1962 ஆம் ஆண்டின் இறுதியில் கடினமான பொலிஎதிலீனைக் கையாண்டபோதுதான் வழி திறந்தது. அவருடைய நோயாளருட் பலர், தாம் இறந்தபின் மூட்டைக் கழற்றி ஆராய்வதற்கு உயிரோடிருக்கும்போதே உடன்பட்டனர். அந்த மூட்டுக்குள்ளே அவர்களுடைய பங்கும் இருக்கிறது.

ஆசியாவிலும் இம்முயற்சி தனியே நடந்தது. பர்மாவின் மாந்தளைப் பொது ஆஸ்பத்திரியிலே சான் போ என்னும் சத்திரவைத்தியர், இடுப்பு முறிந்து பொருந்தாதிருந்த 83 வயதுப் பௌத்த துறவியம்மையார் ஒருவருக்கு, 1960 ஆம் ஆண்டில் யானைத் தந்தத்திற் கடைந்த எலும்புத் தலையைப் பொருத்தினார். பின்னர் 300 பேருக்கு மேல் அவ்வாறே செய்தார். அந்நாளில் அங்கே அந்நிய உலோகத்திலும் தந்தம் எளிதிற் கிடைத்தது போலும்!

இன்று பொருத்தப்படும் மூட்டு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது பலருடைய ஐயம். 2019 இல் வெளியான பெரிய ஆய்வொன்று, நூற்றுக்கு 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைத்தன எனக் கண்டது. எழுபது வயதில் மூட்டு மாற்றிக்கொள்பவருக்கு இக்கணக்குப் போதும்.

ஆகவே மூட்டைப் பற்றிய கவலையை விட்டு, நம் கதையில் வரும் தாயாரிடம் திரும்புவோம்.

அவர் கட்டிலில் அசையாது கிடப்பதால் என்ன நேர்கிறது? முதியவரின் தசை, பயன்படுத்தாவிடில் வெகு விரைவில் மெலியும். ஒரு வாரத்தில் இழந்ததைத் திரும்பப் பெறப் பல வாரங்கள் செல்லும். காலின் நாளங்களிலே இரத்தம் தேங்கி உறைதல் அதனினும் பெரிய ஆபத்து. உறைந்த கட்டி பெயர்ந்து சுவாசப்பையை அடைந்தால் உயிருக்கே கேடு. இதற்காகவே இரத்தம் உறையாதிருக்கும் மருந்தை வைத்தியர் சில வாரங்களுக்குக் கொடுக்கிறார். கட்டிலிற் கிடக்கும்போதும் பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுகிறார். கெண்டைக்காலிலே வீக்கமும் நோவும் கண்டால், நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்க முற்படுவது வீட்டாரின் வழக்கம். அக்காலைத் தேய்த்தலே ஆகாது. உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ ஒரு கணமும் தாமதிக்கலாகாது. காயத்திலிருந்து நீர் கசிதல், காய்ச்சல், செம்மை பரவுதல் ஆகியனவும் அவ்வாறே. நீரிழிவுள்ளவர்கள் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் காயம் ஆறுவதற்கு மிக இன்றியமையாதது.

உணவு விடயத்திலும் நம் வீடுகள் தவறிழைப்பதுண்டு. சத்திரசிகிச்சை என்றவுடன் பாட்டிமார் பத்தியத்தை வகுத்துவிடுவர். மீன் கிரந்தி, முட்டை கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி. இறுதியில் முதியவருக்கு எஞ்சுவது கஞ்சியும் ரசமும். அறுத்த தசை பொருந்துவதற்குப் புரதம் வேண்டும். வைத்தியர் விலக்காத வரையில் மீனும் முட்டையும் பயறும் பருப்பும் முருங்கையிலையும் தாராளமாய்க் கொடுக்கலாம்.

இனி நடையைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேசவேண்டும். சட்டத்தை விட்டு ஊன்றுகோலுக்கு மாறும்போது, கோலை எந்தக் கையிற் பிடிப்பது என்ற கேள்வி எழும். பலர் நோவுள்ள பக்கத்திலேயே பிடிப்பர். பார்ப்பவர்களும் அதுவே சரியென்பர். உண்மை அதற்கு மாறானது. இதனை விளங்கிக்கொள்ள நம்முடைய துலாவே போதும். துலாவின் நீண்ட பக்கத்திலே பட்டை தொங்குகிறது. ஆடுகாலுக்கு அப்பாலுள்ள குறுகிய பக்கத்திலே அதனைச் சமன்செய்ய, பட்டையிலும் பன்மடங்கு பாரம் வேண்டியிருக்கிறது. இரண்டு பாரங்களும் சேர்ந்து ஆடுகாலின் மேல் விழுகின்றன. நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணத்திலே நம் இடுப்பிலும் இதுவே நிகழ்கிறது. உடலின் பாரம் மூட்டுக்கு உட்புறமாய்த் தொங்க, வெளிப்புறத்துத் தசை குறுகிய பக்கத்திலிருந்து அதனை இழுத்துப் பிடிக்கிறது. ஆதலால் மூட்டின் மீது விழும் சுமை உடல் நிறையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. 60 கிலோ நிறையுள்ளவரின் மூட்டு 150 கிலோ அளவைத் தாங்குகிறது. சத்திரசிகிச்சையினால் அந்த வெளிப்புறத் தசை சில காலம் தளர்ந்திருக்கும். ஆகையினாலேயே முதியவர் ஒருபுறம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். எதிர்ப்புறக் கையிலே கோலைப் பிடித்தால், துலாவின் நீண்ட பக்கத்தை ஒருவர் மெல்லத் தாங்கிக் கொடுப்பது போலாகும். கை மூட்டிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதனால் சிறிது ஊன்றுதலே போதும். வலது இடுப்பு மாற்றப்பட்ட தாயாருக்கு இடக்கையிலேதான் கோல் இருத்தல் வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே செல்லும். இறங்கும்போது கோலும் சிகிச்சை பெற்ற காலும் முன்னே செல்லும்.

உட்காருவதுதான் நம்மவர்க்குப் பெருஞ் சங்கடம். நம் வாழ்க்கை நிலத்தோடு ஒட்டியது. பாயில் இருந்து உண்கிறோம். பலகையிலிருந்து கறிக்கு அரிகிறோம். குந்தியிருந்து மலசலங் கழிக்கிறோம். கோயிலிலே விழுந்து வணங்குகிறோம். புதிய மூட்டைச் சுற்றிய தசைகள் உறுதிப்படுமுன், தொடை மிக மடங்கினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். ஆகவே முதல் ஆறு வாரம் தொடக்கம் மூன்று மாதம் வரை, உடலுக்கும் தொடைக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகையிற் குறைதல் ஆகாது, கால்மேற் கால் போடலாகாது, பாதத்தை உட்புறமாகத் திருப்பலாகாது என வைத்தியர் பலர் விதிக்கின்றனர். சத்திரசிகிச்சையின் வழியைப் பொறுத்துச் சிலர் இவ்விதிகளைத் தளர்த்துவதும் உண்டு. தத்தம் வைத்தியர் சொல்வதே பிரமாணம். திடீரெனக் கடும் நோவு தோன்றிக் கால் குறுகித் திரும்பிப்போயின், பந்து நழுவிற்று என ஐயுற்று ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும்.

வீட்டிலே இதற்கு முதற் பகை, எவரும் ஐயுறாத சாய்மனைக் கதிரை. தந்தையாரின் காலத்துச் சாய்மனை, தாழ்ந்து அகன்று, முதியவரை அன்போடு அழைக்கும். அதிலே சாய்ந்தவர் எழும்போது படும் பாட்டிலேயே ஆபத்து இருக்கிறது. கைப்பிடியுள்ள உயர்ந்த கதிரை ஒன்று அந்த இடத்துக்கு வரவேண்டும். மலசலகூடத்திலே உயர்ந்த இருக்கையும் சுவரிற் பற்றிக்கொள்ள ஒரு பிடியும், குளிக்குமிடத்தில் வழுக்காத தரையும் வேண்டும். நடைபாதையிற் கிடக்கும் கால்மிதிகளை அகற்றுவதற்குப் பணம் எதுவும் செலவாகாது. இவற்றை நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னரே செய்து வைக்கும் வீடு புத்தியுள்ள வீடு.

இத்தனையும் செய்தாலும், மூன்றாம் வாரமளவில் ஒரு சோர்வு வருவதுண்டு. நோவு குறைந்திருக்கும், ஆயினும் உறக்கம் கெட்டிருக்கும், கால் வீங்கியிருக்கும், பிறர் கையை எதிர்பார்த்தல் அலுத்திருக்கும். "ஏன் இதைச் செய்வித்தேன்" என்று கண்கலங்குவோரும் உளர். அப்பொழுது பார்த்துத் தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு உறவினர் வருவர். வந்தவர்கள், இவ்வாறே வெட்டுவித்துக்கொண்டு எழும்பாமலே போன யாரோ ஒருவரின் சரித்திரத்தை விரிவாகச் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்திச் செல்வர். அத்தகையோரை வாயிலோடு அனுப்பிவிடுவது பாவமாகாது. சோர்வு இயல்பானது, அது கழியும் என்று முன்கூட்டியே அறிந்திருப்பவர் அதனை எளிதிற் கடப்பார். நடை தேறுதல் ஓராண்டு வரையிலும் தொடர்கிறது என்பதனையும் அவருக்குச் சொல்லிவைத்தல் நன்று.

வயது சென்றுவிட்டதே என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி. இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் அன்னையார் 1995 ஆம் ஆண்டு நவம்பரிலே, தமது 95 ஆவது வயதில் ஒரு பக்க இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார். 1998 ஜனவரியில் விழுந்து மற்றைய இடுப்பும் முறிய, 97 வயதில் அதனையும் மாற்ற நேர்ந்தது. அதன் பின்னரும் கோலூன்றிப் பொதுவைபவங்களுக்கு வந்துகொண்டிருந்தார். 2002 இல் 101 வயதில் மறைந்தார். அரண்மனையிலே பணியாளருக்குக் குறைவில்லை. ஆயினும் நடப்பதற்கு அவரே எழவேண்டியிருந்தது.

நம் தாயாரின் வீட்டுக்கு நான்காம் நாள் இயன்மருத்துவர் வருகிறார். கட்டிலைப் பார்க்கிறார்; தலைமாட்டிலே தண்ணீர்ச் செம்பு, மணி, மருந்து, செபமாலை, யாவும் கைக்கெட்டும் தூரத்தில் ஒழுங்காக இருக்கின்றன. மகளை அழைத்து, தண்ணீர்ச் செம்பைக் குசினி மேசையிலே வைக்கும்படி சொல்கிறார். மகளுக்கு அது பெருங் கொடுமையாகத் தோன்றுகிறது. தாயார் தாகமெடுத்துச் சட்டத்தைப் பற்றி எழுந்து, பத்து அடி நடந்து சென்று நீர் அருந்தும்போது, மகள் பின்னே கைகளை நீட்டியபடி, தொடாமல் நடக்கிறாள். தொடாமல் நடப்பதுதான் அவளுக்கு அரிதாயிருந்தது. அடுத்த வாரம் விறாந்தை. அதற்கடுத்த வாரம் படலை வரை. ஆறாம் வாரத்தில் இடக்கையிற் கோல். மூன்றாம் மாதம் கோயிலுக்குப் போய், வெளிமண்டபத்தில் ஒரு கதிரையில் இருந்து பூசை கண்டார். சுவாமிக்கு முன் கதிரையில் இருப்பதா என்று முதலிற் கூசியவர், ஐயரே கதிரையைக் கொண்டுவந்து வைத்தபின் இருந்தார்.

பழைய திருவலையில் இனிக் குந்தியிருந்து தேங்காய் திருவமுடியாது என்பதே இப்பொழுது அவருடைய ஒரே குறை. மேசை விளிம்பில் முடுக்கிக் கையாற் சுழற்றும் திருவலை ஒன்று சந்தையில் உண்டாம். அதனை வாங்கி வரும்படி மகனிடம் இருமுறை சொல்லியாயிற்று.