நோய் வந்த வழி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுக் கணக்குல நூறு ரூபாய் குறைஞ்சா என்ன செய்வோம்? நோட்டை எடுத்து, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போச்சுன்னு வரி வரியா பின்னாடி போய்ப் பார்ப்போம். ஒரு புது நோய் எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கிறதும் இதே வேலைதான்.

2003-ம் ஆண்டு சார்ஸ் என்ற நோய் பரவியது. கடுமையான காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். வியட்நாமில் ஹனோய், சிங்கப்பூர், கனடாவில் டொரண்டோ என்று ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்களில் ஆட்கள் படுத்தார்கள். கவனித்த டாக்டர், நர்சுகளுக்கும் தொற்றியது.

சுகாதாரத் துறையினர் நோயாளிகளிடமும் வீட்டாரிடமும் பொறுமையாகக் கேட்டார்கள். எந்த ஊருக்குப் போனீங்க? எந்தத் தேதி? எங்க தங்கினீங்க? பதில்களைச் சேர்த்துப் பார்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது. மூன்று ஊரிலும் முதலில் படுத்தவர்கள், பிப்ரவரி மாதம் ஹாங்காங்கில் ஒரே ஓட்டலில் தங்கியவர்கள்! பிப்ரவரி 21 அன்று சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு டாக்டர், அங்கே ஒன்பதாவது மாடியில் தங்கியிருந்தார். தன் ஊரில் வைத்தியம் பார்த்தபோதே அவருக்குத் தொற்றியிருந்தது. அவரும் இறந்துபோனார்.

குவாங்டாங்கில் 2002 நவம்பரிலேயே நோய் தொடங்கிவிட்டது. ஆனால் உலகத்துக்குச் செய்தி சொன்னது பிப்ரவரியில்தான். அதற்குள் நோய் விமானம் ஏறத் தயாராகிவிட்டது.

ஹனோயில் நோயாளியைப் பார்த்து உடனே எச்சரித்தவர், உலக சுகாதார நிறுவன டாக்டர் கார்லோ உர்பானி. மார்ச் 29-ல் அதே நோய்க்கு அவர் உயிர் கொடுத்தார். ஏப்ரல் 28-ல் சார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடு வியட்நாம் என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்க 8,000 பேருக்கு மேல் நோய் கண்டு, 774 பேர் இறந்தார்கள். தடுப்பூசி கிடையாது. யாரிடமிருந்து யாருக்கு என்று தேடி, தனிமைப்படுத்தித்தான் ஜூலைக்குள் சங்கிலியை அறுத்தார்கள்.

சகோதரிகளே, அந்தச் சங்கிலி அறுந்தது, கேட்டவர்களிடம் ஜனங்கள் உண்மையைச் சொன்னதால். வெளியூர், வெளிநாடு போய் வந்தவங்களை "நீதான் கொண்டு வந்தே"ன்னு ஏசினா, அடுத்த ஆள் வாயைத் திறக்க மாட்டாங்க. நோயைச் சுமந்து வந்தவரும் நோயாளிதானே? அதனால நம்ம வீட்டுல காய்ச்சல் வந்தா, போன இடம், பார்த்த ஆள், தேதி எல்லாத்தையும் சுகாதாரச் செவிலியரிடம் மறைக்காம சொல்லுவோம். பக்கத்து வீட்டுக்காரங்களும் பயமில்லாம சொல்லத் துணை நிற்போம்.