ஒருவர் கணக்கில் விடுபட்டார்
(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு பணித்தீர்கள். பந்து விளையாட்டைப் பற்றி என்னைவிட நன்கறிந்தவர்கள் இங்கே பலர் இருக்கின்றனர். ஆகவே ஒரு மிதிவண்டிப் பந்தயத்தைப் பற்றிக் கூறுகிறேன். அதில் வென்றவர் விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். நம்மைப் போல் வேலைக்குப் போய் ஊதியம் பெற்றவர்.

2020ஆம் ஆண்டின் தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் கொள்ளைநோய் காரணமாக 2021இல் நடைபெற்றன என்பதை அறிவீர்கள். நம் நாட்டின் அஸிஸுல்ஹஸ்னி அவாங் ஓடுதள மிதிவண்டிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அங்கேதான். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், ஜூலை 25ஆம் நாள், பெண்களுக்கான சாலைப் பந்தயம் நடந்தது. தூரம் 137 கிலோமீட்டர். கோலாலம்பூரில் புறப்பட்டால் மலாக்காவை நெருங்கிவிடலாம். ஆனால் அது சமதரைச் சாலை அன்று, மலைப்பாதை. ஏறிய ஏற்றங்களை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 2,700 மீட்டர் வரும். அதோடு ஜப்பானின் கோடை வெயில்.

ஆண்களுக்கான சாலைப் பந்தயம் 1896ஆம் ஆண்டின் முதல் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. பெண்களுக்கோ 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில்தான் முதன்முதலாக வாய்ப்புக் கிட்டியது. எண்பத்தெட்டு ஆண்டுகள்! பெண்ணின் உடல் தாங்காது என்று சொல்லியே பல விளையாட்டுகளில் அவளை ஓரம் நிறுத்தினார்கள். விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பெரட்டுக்கு ஓடி, மேட்டு நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிப் பால் சுமந்து வரும் சகோதரிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தப் பந்தயத்தில் ஆஸ்திரியா நாட்டின் சார்பில் ஒரே ஒரு பெண்தான் கலந்துகொண்டார். பெயர் அன்னா கீசென்ஹோஃபர், வயது முப்பது. பார்சலோனாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, அப்போது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகப் பணிபுரிந்து வந்தார். 2017இல் ஒரு தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். அந்த வாழ்க்கை ஒத்துவராமல் விலகினார். அதன்பின் பயிற்சியாளரும் இல்லை, ஊதியம் தரும் குழுவும் இல்லை. எவ்வளவு நேரம் ஓட்டுவது, என்ன உண்பது, வெயிலுக்கு உடலை எவ்வாறு பழக்குவது என அனைத்தையும் தாமே கணக்கிட்டுக் குறித்துக்கொண்டார். தங்கள் தேசத்து வெற்றியாளராக ஏற்கெனவே வந்தவர்தான். ஆயினும் தோக்கியோவில் அவரை வெல்லத் தக்கவராக எவரும் கருதவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்க வேண்டும். மிதிவண்டியில் விரைந்து செல்பவருக்குப் பெரும் பகை காற்றுதான். லாலாங் புல் மண்டிய காட்டில் ஒருவர் முன்னே வெட்டிக்கொண்டு போனால், பின்னால் வருபவர் எளிதாக நடப்பார் அல்லவா? அதுபோல, முன்னே செல்பவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னே ஒட்டி வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. பெருங்கூட்டமாகச் செல்பவர்கள் முறைவைத்து முன்னே வருவார்கள். தனியே பிரிந்து ஓடுபவருக்கு அந்த உதவி இல்லை. ஆகையால் தொடக்கத்திலேயே பிரிந்து ஓடுபவர்களைக் கூட்டம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. களைத்துப் போவார்கள், பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

பந்தயம் தொடங்கிய உடனேயே ஐவர் பிரிந்து ஓடினர். கீசென்ஹோஃபரோடு தென்னாப்பிரிக்கா, நமீபியா, போலந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளின் பெண்கள். கூட்டம் அவர்களை விட்டுவிட்டது. இடைவெளி பத்து நிமிடங்களைத் தாண்டியது. ஏற்றத்தில் இருவர் பின்தங்கினர், மூவர் எஞ்சினர். இன்னும் 41 கிலோமீட்டர் இருக்கையில் கீசென்ஹோஃபர் மற்ற இருவரையும் விட்டுவிட்டுத் தனியே புறப்பட்டார்.

பின்னால் வந்த கூட்டத்தில் நெதர்லாந்து நாட்டின் நால்வர் இருந்தனர். அவர்களுள் மரியான் வோஸ் 2012இலும், அன்னா வான் டெர் பிரெஹன் 2016இலும் இதே பந்தயத்தில் தங்கம் வென்றவர்கள். மூன்றாமவர் அன்னமீக் வான் ஃப்ளூட்டன். 2016இல் ரியோவில் முதலிடத்தில் சென்றுகொண்டிருந்தபோது இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு, மீண்டும் எழுந்து வந்தவர். நான்காமவர் டெமி வோலரிங். உலகிலேயே வலிமை மிக்க குழு. ஆனால் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் காதில் வானொலிக் கருவி பொருத்த அனுமதி இல்லை. முன்னே யார் இருக்கிறார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை வழியில் கிடைக்கும் செய்திகளைக் கொண்டே அறிய வேண்டும். முடிவை நெருங்கும் வேளையில் போலந்துப் பெண்ணையும் இஸ்ரேல் பெண்ணையும் கூட்டம் எட்டிப் பிடித்தது. அவ்வளவுதான், முன்னே இனி எவரும் இல்லை என்று எண்ணிக்கொண்டார்கள். பெரட்டில் ஆள் எண்ணும்போது ஒரு பேர் விடுபட்டுப் போனதுபோல, ஆஸ்திரியாவின் அந்த ஒற்றைப் பெண் அவர்கள் கணக்கில் விடுபட்டுப் போனார்.

கீசென்ஹோஃபர் 3 மணி 52 நிமிடம் 45 விநாடியில் எல்லைக் கோட்டைக் கடந்து, மூச்சு வாங்கத் தரையில் படுத்துவிட்டார். மணிக்குச் சராசரியாக 35 கிலோமீட்டர் வேகம்; அதில் இறுதி 41 கிலோமீட்டரும் காற்றை எதிர்த்துத் தனியாக! ஒரு நிமிடமும் 15 விநாடிகளும் கழித்து வந்த வான் ஃப்ளூட்டன், தாமே வென்றதாக நினைத்து இரு கைகளையும் உயர்த்தினார். வந்து நின்ற பிறகுதான் உண்மை தெரிந்தது. இத்தாலியின் எலிசா லோங்கோ போர்கினி மூன்றாமிடம் பெற்றார்.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று சிலர் பேசினர். நான் அதற்கு உடன்படேன். நெதர்லாந்துக் குழு எண்ணத் தவறியது உண்மையே. ஆனால் எண்ணத் தவறியவர்களை முந்தி நிற்பதற்கும் கால்கள் வேண்டும். தம்மை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதையும் அவர் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் தோட்டங்களிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவளைப் பெரியவளானதும் வீட்டில் இருத்திவிடுகிறோம். படிப்பா, விளையாட்டா என்று ஏதாவதொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். பெற்றோர்களே, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாமென்று உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பெண் இரண்டையும் விடவில்லை.

வான் ஃப்ளூட்டன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மூன்று நாட்கள் கழித்து, ஒவ்வொருவராகத் தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயத்தில் தங்கம் வென்றார். ஆஸ்திரியாவுக்கோ 1896க்குப் பின் மிதிவண்டிப் போட்டியில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம், அந்தக் கணித ஆய்வாளர் கொண்டுவந்ததுதான்.