'சோம்பேறி' எனப் பெயர் பெற்ற வாயு



நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கு ஆர்கன் வாயு. 1894 வரை அதை யாரும் அடையாளம் காணவில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், இரசாயனப் பொருளிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட 200-இல் 1 பங்கு எடை கூடியிருந்தது. 'இவ்வளவுதானே' என்று விட்டுவிடாமல் ரேலி பிரபுவும் ராம்சேயும் துருவிப் பார்த்தார்கள். ஆர்கன் அகப்பட்டது.

அதன் அணுவில் 18 எலெக்ட்ரான்கள். 2, 8, 8 என்று மூன்று கூடுகளில் இருக்கின்றன. வெளிக்கூட்டில் 8 நிறைந்துவிட்டதால் அதற்குக் குறையில்லை. பிறரிடம் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். எதனோடும் சேராததைக் கண்டு, 'சோம்பேறி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார்கள்.

உண்மையிலேயே சோம்பேறியா அது? பழைய குண்டு பல்பில் இழை சீக்கிரம் தேய்ந்து அறுந்துபோகாமல் காத்தது அதுதான். வெல்டிங் பட்டறையில் உருகிய உலோகத்தை ஆக்சிஜன் தொடாதபடி சூழ்ந்து நிற்பதும் அதுதான். 2000-ஆம் ஆண்டில் பின்லாந்து விஞ்ஞானிகள் கடுங்குளிரில் அதை ஹைட்ரஜன், புளோரினோடு சேர்த்தே காட்டினார்கள்.

பெற்றோர்களே, இன்று பரிசு வாங்காத, வாய் திறக்காத பிள்ளையை 'எதுக்கும் லாயக்கில்லை'ன்னு சொல்லிடாதீங்க. அவனுக்குரிய வேலை எதுவென்று நாம்தான் பொறுமையாகத் தேடிப் பார்க்கணும்.