கடற்கரையில் கேட்ட கேள்வி

கோடை விடுமுறையில் குழந்தைகளோடு கோழிக்கோடு போயிருந்தோம். கல்பாத்தியில் எங்கள் அடுத்த ஆத்துக்காரராக இருந்த நண்பர் ஆத்தில் மூன்று நாள் தங்கினோம். தளி மகாதேவர் தரிசனம் ஆயிற்று. 1498-ல் வாஸ்கோடகாமா வந்ததற்கு நினைவுக்கல் நாட்டியிருக்கும் காப்பாடு கடற்கரையில், குழந்தைகள் வெயிலைப் பொருட்படுத்தாமல் ஆடித் தீர்த்தார்கள்.

அங்கே நண்பர் மெல்லச் சொன்னார்: "தேரை யானை பின்னாலிருந்து தள்ளுமே, அதைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!"

"ரயிலில் சில மணி நேரம்தானே, வரக்கூடாதோ?" என்றேன்.

"வரலாம். ஆத்தை வித்தாச்சு. யார் ஆத்துத் திண்ணையில் போய் உட்காரறது?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாள் அவர் ஆத்தில் சாப்பிட்ட நான், ஒரு தேருக்கும் அவரைக் கூப்பிட்டதில்லை.

ஐப்பசிக் கடைசி மூன்று நாள் கல்பாத்தித் தேர். நிறைவு நாள் மாலை தேர்முட்டியில் தேர்கள் சந்திக்கும்போது, ஊரை விட்டுப் போனவர்களும் அங்கே நிற்க வேண்டாமா? அக்ரஹாரத்தில் ஆம் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இந்த வருஷம் ஒரு குடும்பத்தையாவது பெயர் சொல்லி அழையுங்கள். ஓர் அறையும் இலைச் சாப்பாடும் போதும். கோழிக்கோட்டுக்கு நான் போன் செய்துவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார்.