ஒரு கை கற்பித்த பாடம்

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலர் ஊரப்பாக்கத்தில் உள்ள என் இல்லத்திற்கு அவ்வப்போது வருவதுண்டு. அவர்களிற் பலருக்கு எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சையிலோ விளையாட்டு மருத்துவத்திலோ ஈடுபாடு. "எந்த நாட்டிற்குச் சென்று பயின்றால் நல்லது?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. கேள்வி நியாயமானதே. விளையாட்டு மருத்துவத்திற்கான அனைத்துலகச் சங்கம் 1928-ல், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த சமயத்தில் தோன்றியது. முறிந்த எலும்பைத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்துவதைக் கற்பிக்க அதே நாட்டின் டாவோஸ் நகரில் 1960-ல் வகுப்புகள் தொடங்கின. இன்றும் உலகெங்குமிருந்து வைத்தியர்கள் அங்கே செல்கிறார்கள். ஆயினும் நான் மாணவர்களுக்கு முதலிற் சொல்வது டாவோஸைப் பற்றியன்று. எங்கள் ஊரில் ரயிலேறினால் முக்கால் மணியில் சென்றடையும் செங்கற்பட்டைப் பற்றித்தான்.

அங்கே திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் மருத்துவமனை ஒன்று இயங்கி வந்தது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரிய நிலையமாக ஆக்கிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1947-ஆம் ஆண்டளவில், அங்கிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேனைக் காண வேலூரிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் வந்தார். பிராண்ட் ஆங்கிலேயர், ஆனால் 1914-ல் பிறந்தது நமது கொல்லிமலையில். லண்டனிற் பயின்று, போர்க்காலத்தில் குண்டுவீச்சால் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்து கைதேர்ந்தவர்.

மருத்துவமனையைச் சுற்றி வருகையில், விரல்கள் உள்நோக்கி மடங்கிப்போன கைகளைக் கண்டு, எலும்பு வைத்திய நிபுணர் எவரும் இவற்றை ஏன் ஆராயவில்லை என்று அவர் வியந்தார். ஓர் இளைஞனின் மடங்கிய விரல்களுக்குள் தம் கையைக் கொடுத்து, "அழுத்திப் பிடி" என்றார். செயலற்ற கை என்று எண்ணியதற்கு மாறாக, அவருக்கே வலியெடுக்கும் அளவிற்கு அந்தப் பிடி வலுவாய் இருந்தது!

நேயர்களே, அந்த வலி சாதாரண வலியன்று. அந்தக் கையில் உயிருள்ள தசைகள் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. பின்னர் நடந்த ஆராய்ச்சியில் காரணம் தெளிவாயிற்று. நரம்பு எங்கே தோலுக்கு அருகில், குளிர்ந்த இடத்தில் செல்கிறதோ, அங்கேதான் இந்நோய் அதை மிகுதியும் தாக்குகிறது; முழங்கையருகே ஓரிடம், மணிக்கட்டருகே ஓரிடம். அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெருந்தசைகளோ பெரும்பாலும் வலுக்குன்றாமல் இருக்கின்றன.

அப்படியானால் இருப்பதைக் கொண்டு இல்லாததை ஈடு செய்யலாம் அன்றோ? விரலை மடக்குவதற்கு இயற்கை இரண்டு தசைநாண்களைக் கொடுத்திருக்கிறது. ஒன்றைக் கடன் வாங்கி, வேறு வழியாகக் கொண்டுசென்று, விரலை நீட்டும் வகையில் தைத்துவிடலாம். 1940-களின் இறுதியில் வேலூரில் பிராண்டும் அவருடைய சகாக்களும் இவ்வகைச் சிகிச்சைகளைத் தொழுநோயாளரின் கைகளிற் செய்யத் தொடங்கினர். கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வருவதுதான் கடினம். நேற்றுவரை விரலை மடக்கிய தசை இன்று அதை நீட்ட வேண்டும். மூளைக்கு இது புதுப்பாடம். உடற்பயிற்சி நிபுணர் பக்கத்தில் அமர்ந்து, வாரக்கணக்கில் பொறுமையாக அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கை சரியானவர்களுக்குத் தச்சு வேலையும் பொம்மை செய்யும் வேலையும் பழக்கினார்கள். வேலை இல்லாத கைக்குச் சிகிச்சை செய்து என்ன பயன்?

1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அறுவை வைத்தியர்களும் உடற்பயிற்சி நிபுணர்களும் அங்கே வந்து இக்கலையைப் பயின்று சென்றனர். வெளிநாட்டுப் பயிற்சி என்றால் நாம் கப்பலேறிப் போவது மட்டுமே என்று நினைக்கிற மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

போவது தவறென்று நான் சொல்லவில்லை. டாக்டர் மேரி வர்கீஸ் போனார். 1954-ல் நேர்ந்த மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர் அவர். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே நோயாளியாகப் பயிற்சி பெற்று, பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். தாயகம் திரும்பிய பிறகு, 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று அமைய அவரே காரணமாயிருந்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமக்கு எது தேவை என்பதைத் தம் உடலிலேயே அறிந்துகொண்டு புறப்பட்ட மாணவி அவர்! பட்டத்துக்காக மட்டும் புறப்படுகிறவர்களோடு அவரை ஒப்பிட எனக்கு மனம் வருவதில்லை.

"விளையாட்டு வீரனுக்கும் தொழுநோயாளிக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். சம்பந்தம் உண்டு. கபடி ஆட்டத்தில் முழங்காலின் உள் தசைநார் அறுந்துவிட்டால், தொடையின் பின்புறத்துத் தசைநாணைக் கடன் வாங்கித்தான் பெரும்பாலும் புதிய தசைநார் அமைக்கிறோம். அங்கேயும் கத்தி வேலை சிறிது. பின்னர் மாதக்கணக்கில் பயிற்சி. இன்னொன்று, வலி. தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதில்லை என்பதைப் பிராண்ட் கண்டறிந்தார். வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டிக்கொள்கிறார்கள், உறங்கும்போது எலி கடித்தாலும் அறிவதில்லை. பந்தயத்திற்கு முன் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு, அடிபட்ட காலோடு ஓடுகிற வீரனும் சிறிது நேரத்திற்கு அதே நிலையில்தான் இருக்கிறான். எங்கள் பக்கத்து மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களைச் சந்தித்தால் இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்வற்ற பாதத்தின் புண்ணை மாவுக்கட்டுப் போட்டு ஆற்றும் முறையை இந்தியாவில் அவர் கையாண்டிருந்தார். அதையே அங்கு நீரிழிவுக்காரர்களின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். அதைக் கற்றுக்கொள்ள அமெரிக்க வைத்தியர்கள் கார்விலுக்கு வந்தார்கள்.