மூச்சுக் காற்றும் முறையான சோதனையும்



"நாம் ஆக்சிஜனை உள்ளிழுக்கிறோம், கரியமில வாயுவை வெளிவிடுகிறோம்." நாம் அனைவரும் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்த வாசகம் இது. ஆனால் இதில் பாதி உண்மைதான் உள்ளது.

உள்ளே செல்லும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். கரியமில வாயுவோ ஏறத்தாழ 0.04 பங்குதான். வெளியே வரும் காற்றிலும் நைட்ரஜன் ஏறக்குறைய அவ்வளவே. ஆக்சிஜன் 16 அல்லது 17 பங்காகக் குறைகிறது. கரியமில வாயு 4 பங்காக, அதாவது நூறு மடங்காக உயர்கிறது. உடலின் வெப்பமும் ஈரமும் உடன் சேர்கின்றன. கண்ணாடியில் ஊதினால் படியும் பனிப்படலமே அதற்குச் சான்று.

வெளிமூச்சில் இன்னும் ஆக்சிஜன் மிஞ்சியிருப்பதால்தான், நீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி உயிர் காக்க முடிகிறது. ஒருவர் விட்ட மூச்சு மற்றொருவரின் உயிராகிறது. அங்கே எவரும் எவருடைய குலத்தையும் கேட்பதில்லை.

இவ்வேறுபாட்டை மெய்ப்பிப்பது எவ்வாறு? வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கரைத்து, ஓரிரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை இறுத்துக்கொள்ள வேண்டும். அதனுள் ஊதினால் அது பால்போல் வெளுக்கிறது. ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் 1750களில் கண்டறிந்த உண்மை இது. ஆனால் ஊதலாமேயன்றி, உறிஞ்சுதல் கூடாது. அந்நீர் வாயைப் புண்ணாக்கும்.

எங்கள் மாலை வகுப்பில் ஒரு மாணவன் இரு குவளைகளில் தெளிநீர் வைத்தான். ஒன்றில் ஊதினான்; மற்றொன்றை வாளாவிட்டான். ஊதியது வெளுத்தது. "வெளிமூச்சில் கரியமில வாயு மிகுதி என்பது மெய்ப்பட்டது" என்றான். "நீ ஊதிக் கலக்கியதால்தான் வெளுத்தது என்று ஒருவர் சொன்னால் என்ன விடை தருவாய்?" என்று கேட்டோம். அவனிடம் விடையில்லை. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "மற்றக் குவளையிலும் சைக்கிள் பம்பால் காற்றைக் குமிழியிடச் செய்யலாமே" என்றாள். பம்பின் ஓர் அழுத்தில் வரும் காற்று ஒரு மூச்சினும் குறைவு. ஆகவே 5 மூச்சுக்கு ஈடாக 25 முறை அழுத்தினார்கள். மூச்சு புகுந்த நீர் வெளுத்தது. பம்புக் காற்று புகுந்த நீர் ஏறத்தாழத் தெளிவாகவே நின்றது. அப்போதுதான் அது சோதனையாயிற்று.

அறிவியல் இவற்றை மாறிகள் என்கிறது. நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. இங்கே அது காற்றின் வகை. அதனால் மாறுவது சார்ந்த மாறி. அது நீரின் வெண்மை. குவளையின் அளவு, தெளிநீரின் அளவு, புகுந்த காற்றின் அளவு ஆகியவை மாறாமல் காக்க வேண்டியவை. ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றைச் சமமாக்கு, பிறகு அளந்து சொல் என்பதே அறிவியலின் நீதி.

இளைஞர்களே, இந்நீதியை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வரலாகாது. "உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது" என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வாறு சொன்னவர்கள் எந்தெந்த மாறிகளைச் சமமாக்கிவிட்டு அளந்தார்கள்? விளக்கில்லாத வீடும் விளக்குள்ள வீடும் சமமா? பசித்த வயிறும் உண்ட வயிறும் சமமா? முதல் தலைமுறையாகப் பள்ளி சென்றவனையும் பல தலைமுறையாகக் கற்றவர் வீட்டுப் பிள்ளையையும் அருகருகே நிறுத்தி, வேறுபாட்டுக்குப் பிறப்பே காரணம் என்பது, ஒரு குவளையில் ஊதி மறு குவளையை வாளாவிட்ட சோதனையே. அம்முடிவை ஏற்க அறிவியல் நம்மை வற்புறுத்தவில்லை.

அதே அளவுகோல் நமக்கும் பொருந்தும். நமக்கு உவப்பான முடிவாயினும், சோதியாமல் ஏற்றல் கூடாது. இன்று இரவே வீட்டில் சுண்ணாம்பைக் கரைத்து வையுங்கள். நாளைக் காலை தம்பி தங்கையரை அருகில் அமர்த்தி, இச்சோதனையைச் செய்து காட்டுங்கள். அவர்கள் "ஏன்?" என்று கேட்டால், சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு பலித்தது என்று மகிழ்வோம்.